சின்னக் கோழிக்குப் பழப்பாணி: எந்தப் பறவை, எந்தப் பழம், எந்த நெருப்பு?

போன ஆடியில் அக்காவின் மூத்த மகள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீளத் தட்டொன்றில் ஆறு சின்னக் கோழிகள். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் ஒன்று அதற்குள் அடங்கிவிடும். ஆப்ரிகொட் ஜாமை உருக்கி மேலே பூசி வாட்டியதில், தோல் மெழுகு போட்ட சிவப்புச் சீமெந்துத் தரைபோல மின்னியது. "சித்தி, அடுத்த வருசம் வரேக்க இதை உங்கட வீட்டில செய்வமா?" என்று கீழே எழுதியிருந்தாள். டொரொண்டோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. இலங்கையில், வன்னியில் இருக்கிற எங்கள் மாங்குளத்து வீட்டை அவள் கண்டது ஒரே தடவை, அதுவும் ஐந்து வயதில். அவள் ஆசைப்பட்டுக் கேட்டதை முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "செய்வம் பிள்ளை, வாங்கோ" என்று பதில் போட்டேன்.

போட்ட பிறகுதான் யோசித்தேன். படத்தில் இருந்த கோழியும் இங்கே கிடையாது, பழமும் கிடையாது. அந்தக் கோழிக்கு அங்கே கோர்னிஷ் கோழி என்று பெயர். ஏதோ தனிச் சாதிப் பறவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கோர்னிஷ் இனத்தையும் வெள்ளை பிளைமவுத் ரொக் இனத்தையும் கலந்து எடுத்து, ஐந்து வாரத்துக்குள் உரித்துவிடுகிற இளங்கோழிதான் அது. சேவலாகவும் இருக்கலாம், பேடாகவும் இருக்கலாம். அமெரிக்க விதிப்படி உரித்த எடை இரண்டு இறாத்தலுக்கு மேல் போகக் கூடாது, அதாவது ஏறத்தாழ 900 கிராம். ஆப்ரிகொட்டோ குளிர்காலம் இருக்கிற நாட்டு மரம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற எங்கள் மண்ணுக்கு அது வராது.

சரி, இங்கே இருக்கிறதை வைத்து அந்தத் தட்டுக்குக் கிட்டப் போகலாமா? ஒரு வருடமாக, ஒவ்வொரு பழமும் அதன் காலத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். இந்த ஆடியில் அக்கா குடும்பத்தோடு வருகிறா. நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைப்பதில்லை என்பதால், அதற்கு முந்திய ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று. பதினொரு பேர் சாப்பாடு. இதே யோசனையோடு இருக்கிற வேறு வீடுகளும் இருக்கும். அவர்களுக்கு உதவட்டும் என்று நான் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விசயம். பழச்சாற்றை இனிப்போடு காய்ச்சி எடுக்கிற பாகுதான் பழப்பாணி. அதைப் பூசி வாட்டுவதில் இரண்டு கணக்கு இருக்கிறது. பறவை வேக இவ்வளவு நேரம் வேண்டும் என்பது ஒன்று. சீனி இவ்வளவு நேரம்தான் நெருப்பில் நிற்கும் என்பது மற்றது. பழத்திலும் தேனிலும் இருக்கிற பழச்சீனி 110 பாகை செல்சியசை அண்டியே நிறம் மாறத் தொடங்கிவிடும். தேநீருக்குப் போடுகிற வெள்ளைச் சீனி 160 பாகை வரை தாங்கும். ஆனால் அதையும் புளிப்போடு சேர்த்துக் காய்ச்சினால் ஒரு பங்கு உடைந்து பழச்சீனியாகிவிடும். கோழியை வாட்டுவதோ 200 பாகையில். ஆகவே தொடக்கத்திலேயே பாணியைப் பூசிவிட்டால், இறைச்சி வேகுமுன் மேலே கரிதான் மிஞ்சும். பறவை பெரிதானால் இந்த இடைவெளி பெருகும். சின்னப் பறவைக்கு இனிப்புப் பூச்சு பொருந்துவதற்குக் காரணமே இதுதான். எந்தப் பறவை, எந்தப் பழம், எந்த நெருப்பு என்ற மூன்று கேள்வியையும் நான் இந்தக் கணக்கை வைத்தே பார்த்தேன்.

அம்மாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. "கூட்டில இவ்வளவு ஊர்க்கோழி நிக்க, காசு குடுத்து வேற கோழி ஏன் பிள்ளை?" என்றா. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மீள்குடியேறி வந்த காலத்தில் வாழ்வாதார உதவியாகக் குஞ்சுகள் கிடைத்த பல வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அந்தக் குஞ்சுகளின் வழிதான் இன்றைக்கும் வளவில் மேய்கிறது. கறையானும் தவிடும் விழுந்த நெல்லும் தின்று வளர்ந்த கோழியின் ருசிக்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. நான்கு மாத விடலைச் சேவல் இரண்டைப் பிடித்து உரித்தோம். ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அளவு சரி. ஆனால் ஓடித் திரிந்த கால் அது. அரை மணி நேர நெருப்பு அதற்கு ஒன்றுமே இல்லை. நெஞ்சு வெந்து காய்ந்துவிட்டது, தொடை பல்லுக்கு வளையவில்லை. அடுத்த முறை மஞ்சளும் உப்பும் பூசி இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வைத்துவிட்டு வாட்டினேன். தொடை இளகியது. ஆனால் தோலுக்குக் கீழே கொழுப்பு இல்லாததால் அது மொறுமொறுப்பாகாமல் தோல்பையைப் போல இழுபட்டது. இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் பட்டது. ஊர்க்கோழிக்கென்றே ஒரு மணம் இருக்கிறதே, பாணியின் இனிப்பு அதை மூடிவிட்டது. அந்தக் கோழியை மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் போட்டு மண்சட்டியில் வைப்பதுதான் அதற்குச் செய்கிற மரியாதை. அம்மாவிடம் இப்படிச் சொன்னபோது அவவும் ஒத்துக்கொண்டா.

புறொயிலரில் சிக்கல் எடைதான். கடைக்கு வருவது ஐந்து ஆறு வாரத்துக் கோழி, உரித்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. ஆனால் பண்ணை வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் நாலாம் வாரத்தில் எடுத்துத் தருவார். உயிர் எடை 1.3 கிலோ வரை இருந்தால் உரித்தபின் 900 கிராம் அளவில் நிற்கும். படத்திலிருந்த கோழிக்கு மிகக் கிட்டியது இதுதான், பிறவியிலும் ஒன்றுவிட்ட உறவு. தோலுக்குக் கீழே நல்ல கொழுப்பு. அது உருகி வழிந்து தோலைத் தானே பொரிக்கும், இறைச்சியும் காயாது. முதுகெலும்பை வெட்டி எடுத்து விரித்து வைத்தால் 200 பாகையில் நாற்பது நிமிடம் போதும். தவறு விட்டாலும் தாங்கிக்கொள்கிற கோழி. முதல் தடவை செய்கிறவருக்கு இதையே சொல்வேன். இறைச்சிக்கென்று தனி ருசி பெரிதாக இல்லாதது குறைதான். ஆனால் மேலே பூசுகிற பாணி நன்றாக அமைந்தால் அந்தக் குறை தெரியாது.

கினிக்கோழி எங்கள் ஊரில் பல வளவுகளில் நிற்கிறது. பாம்பைக் கண்டால் ஊரையே கூட்டும் என்பதற்காக வளர்க்கிறார்கள். ஒன்று வாட்டிப் பார்த்தேன். கொழுப்பே இல்லாத இறைச்சி, மரக்கட்டைபோல ஆயிற்று. அதை இத்தோடு விடுகிறேன்.

காட்டுக்கோழி பிடித்துத் தரலாம் என்று ஒருவர் வந்து சொன்னார். கௌதாரியும் கிடைக்கும் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எங்கள் காட்டுக்கோழி இலங்கையின் தேசியப் பறவை, உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு மனம் வராது. விடியப்புறம் பாலைமரப் பக்கமிருந்து அந்தச் சேவல் கூவுவதைக் கேட்டுத்தான் நான் எழும்புகிறேன்.

அப்புறம் காடை. வீட்டுக்கூட்டில் வளர்க்கிற யப்பான் காடையைத்தான் சொல்கிறேன். பதினேழு பதினெட்டு நாளில் பொரித்து, ஆறாம் வாரத்தில் உரிக்கத் தயாராகிவிடும். உயிர் எடை 150 முதல் 200 கிராம், உரித்தால் நூறு கிராமுக்கு மேலே கொஞ்சம். கோழியைப் போல நெஞ்சு வெள்ளையாகவும் தொடை கறுப்பாகவும் இருக்காது, முழுவதுமே கருஞ்சிவப்பு இறைச்சி. அதனால் சுவை அழுத்தமாக இருக்கும். இனிப்பும் புளிப்பும் உறைப்பும் மேலே விழுந்தாலும் அடங்கிப் போகாமல் எதிர்நின்று கொடுக்கும். கத்தரிக்கோலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, நெஞ்சை உள்ளங்கையால் அமர்த்தினால் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பறவை தவளைபோலத் தட்டையாகப் படுத்துவிடும். இந்த நிலையில் தணலில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம்தான். மேலே சொன்ன இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று கிட்ட வருவது இந்தப் பறவையில்தான். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் பாணி பூசத் தொடங்கலாம்.

காடையில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு நிமிடம் கூடினாலே நெஞ்சு வறண்டுவிடும். இதற்கு நான் கண்ட மருந்து உப்புத்தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீரில் ஐம்பது கிராம் ஆனையிறவு உப்பைக் கரைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டாம், உப்பு ஏறிவிடும். நாலு வாரப் புறொயிலர் என்றால் இதே தண்ணீரில் நாலு மணி நேரம். ஊறிய பிறகு துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, மூடாமல் ஒரு மணி நேரம் குளிரிலேயே வைத்தால் தோல் காயும். ஈரத் தோலில் பாணி ஒட்டாது, வழுக்கிக்கொண்டு தணலில் விழும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். காடையின் விலா எலும்பு ஊசிபோல மெல்லியது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நெஞ்சுச் சதையை மட்டும் பிய்த்துக் கொடுங்கள்.

இனிப் பழத்துக்கு வருவோம். நான் அதிகம் மினக்கெட்டது இதில்தான்.

எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது மாம்பழம். எனக்கும் அப்படித்தான். கறுத்தக்கொழும்பான் காலத்தில் நன்றாகப் பழுத்த நாலு பழத்தைப் பிழிந்து, வடித்து, தேசிக்காய்ப்புளி விட்டுக் காய்ச்சினேன். தாச்சியில் இருக்கும்போது வீடே மணத்தது. தணலில் பூசிய ஐந்து நிமிடத்தில் அந்த மணம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெறும் இனிப்புத்தான் மிஞ்சியது. மாம்பழத்தின் வாசனை சூட்டுக்கு நிற்காது. அதோடு எவ்வளவு வடித்தாலும் சாற்றில் சதை இருக்கும். அது தோலில் திட்டுத் திட்டாகப் படிந்து, சதை தடித்த இடம் கருகி, மெலிந்த இடம் வெளிறிப் போய்விடுகிறது. பழுத்த கறுத்தக்கொழும்பானைத் தோல் சீவி அப்படியே தின்ன வேண்டும். அரைப்பழமான மாங்காய் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, புளிப்பு இருப்பதால் இறைச்சியோடு பேசும்.

அன்னாசி மாம்பழத்தைவிட மேல். சாறு தெளிவு, புளிப்பும் தாராளம். வற்ற வற்ற மின்னுகிற பாகாகிவிடும். ஒரேயொரு எச்சரிக்கை. பச்சை அன்னாசிச் சாற்றில் இறைச்சியை ஊறவைக்காதீர்கள். அதில் புரோமலெயின் என்ற நொதியம் இருக்கிறது, அது புரதத்தை அறுத்துவிடும். காடை போன்ற மெல்லிய இறைச்சி ஒரு மணி நேரத்தில் மாவாகிப்போகும். பப்பாசிக்காயின் பாலும் இதே வேலையைத்தான் செய்யும். கொதிக்கவைத்துவிட்டால் நொதியம் செத்துவிடும், பிறகு பயமில்லை. அன்னாசி எல்லாக் காலத்திலும் கிடைக்கிறது, வடிக்கவும் சுகம். மற்றப் பழம் கிடைக்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

பாலைப்பழத்தில் நான் பெரிய ஆசை வைத்திருந்தேன். வன்னியின் பழம் என்று சொன்னால் அதுதானே. ஆனி ஆடியில் மாங்குளம், ஒட்டுசுட்டான் வீதியோரங்களில் பேணிக் கணக்கில் விற்பார்கள். மஞ்சள் மணிபோல, தேன்போல இனிக்கும். ஆனால் நாலு பழம் தின்றாலே உதடு ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அந்தப் பால்தான் காலை வாரியது. காய்ச்சக் காய்ச்சச் சட்டியிலும் அகப்பையிலும் பிசினாகப் பிடித்துக்கொண்டது. புளிப்பும் துளி இல்லை. இரண்டு கோப்பைப் பழத்தில் இரண்டு மேசைக்கரண்டிப் பாணி கிடைத்தது, அதுவும் பல்லில் ஒட்டியது. பெறாமகள் வரும் நேரம் பாலைப்பழக் காலம்தான். அவளைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தித் தின்னக் கொடுப்பேன்.

பனம்பழம் பற்றிப் பலர் கேட்பார்கள். களியின் நிறம் அபாரம், தீயின் நிறம். பனங்காய்ப் பணியாரம் சுடுகிறவர்களுக்குத் தெரியும், களியைச் சீனி போட்டு நன்றாகக் காய்ச்சி எடுத்தால்தான் கைப்புக் குறையும். எவ்வளவு காய்ச்சினாலும் அடியில் ஒரு கைப்பு நிற்கத்தான் செய்யும். மாவோடும் எண்ணெயோடும் சேரும்போது அந்தக் கைப்பு அழகு. தணலில் வாட்டிய தோலில் ஏற்கெனவே கரியின் கைப்பு இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது. பனையிலிருந்து இந்தத் தட்டுக்கு எடுக்க வேண்டியது பனங்கட்டியை. அதைப் பற்றி இப்போதே சொல்லிவிடலாம். வெள்ளைச் சீனிக்குப் பதில் குட்டானில் வருகிற பனங்கட்டியைப் போட்டால் பாணிக்கு ஒரு புகை வாசமும் ஆழமும் வரும். அன்னாசியோ விளாம்பழமோ, எதைக் காய்ச்சினாலும் நான் பனங்கட்டிதான் போடுகிறேன்.

கடைசியில் என் கை போய் நின்றது விளாம்பழத்தில். முதலில் நானே இதை நினைக்கவில்லை. விளாம்பழம் என்றால் உடைத்து, சர்க்கரை போட்டுக் குழைத்துத் தின்பது, அல்லது பால் விட்டுக் கரைத்துக் குடிப்பது, அவ்வளவுதான் தெரியும். ஒரு நாள் ஜாம் காய்ச்சும்போது அகப்பையிலிருந்து ஒரு துளி தட்டில் விழுந்தது. சிறிது நேரத்தில் அது கண்ணாடி மணிபோல உறைந்து, விரலால் தட்டினால் அசைந்தது. விளாம்பழத்தில் பெக்ரின் நிறைய இருக்கிறது, ஜாமை உறையவைக்கிற பொருள் அதுதான். ஆப்ரிகொட் ஜாம் அந்தப் படத்துக் கோழியில் அப்படி ஒட்டிப் பிடித்திருந்ததும் இதனால்தான் என்று அப்போது விளங்கியது. பாணி தோலில் வழுக்காமல் பிடித்து நிற்க வேண்டும், காய்ந்ததும் படலமாக மின்ன வேண்டும். மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் இல்லாத இந்தப் பிடிமானம் விளாம்பழத்துக்குப் பிறவியிலேயே இருக்கிறது. புளிப்பும் உண்டு, நெருப்புக்கு அசையாத ஒரு மணமும் உண்டு. நிறம் மட்டும் பொன்னிறமாக வராது, கடும் செம்பழுப்பு. படத்தோடு ஒத்துப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியலாம். எனக்கு அந்த நிறமே பிடித்துப் போயிற்று.

செய்முறை இதுதான். மூன்று பெரிய விளாம்பழத்தை உடைத்து உள்ளீட்டைச் சுரண்டி எடுத்து, மூன்று கோப்பைத் தண்ணீரில் இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தானாக வடியவிட வேண்டும். அவசரத்தில் பிழிந்தால் பாணி கலங்கும், விதையின் கயர்ப்பும் இறங்கும். வடிந்த சாறு இரண்டு கோப்பை வரும். அதற்கு 150 கிராம் பனங்கட்டி, தட்டிய உள்ளி நாலு பல், ஒரு துண்டு இஞ்சி, கிள்ளிய செத்தல் மிளகாய் மூன்று, ஒரு தேக்கரண்டி மிளகு, கால் தேக்கரண்டி உப்பு. பாதியாக வற்றும்வரை காய்ச்சுங்கள். அகப்பையின் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். கம்பிப் பதம் வரும்வரை விட்டுவிடாதீர்கள். தணலில் அது மிட்டாயாக இறுகி, கடிக்கும்போது தோலோடு சேர்ந்து கழன்று வரும். ஆறவைத்து வடித்துப் போத்தலில் அடைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் கிழமைக்கணக்கில் இருக்கும். கூடுதலாகக் காய்ச்சி உறைபெட்டியில் வைத்தால் அடுத்த பருவம்வரையும் வரும். இந்த ஆடிக்கு நான் எடுக்கப்போவது அப்படிப் போன பருவத்தில் வைத்ததைத்தான்.

விளாம்பழமும் இல்லை, அன்னாசியும் இல்லை என்றால் பழப்புளியும் பனங்கட்டியுமே போதும். எந்த வீட்டுக் குசினியிலும் இருக்கிற சாமான். இனிப்பைவிடப் புளிப்பு முன்னுக்கு நிற்கும், பழத்தின் மணம் குறைவு. ஆனால் பெரியவர்கள் பலர் இதைத்தான் விரும்பினார்கள். என் மாமி இதை ஒரு பாண் துண்டால் தட்டைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டா.

நெருப்பில் நான் பட்ட பாடு வேறு. எங்களிடம் இருப்பது மேசையில் வைக்கிற சின்ன மின்சார அவன் அடுப்பு. புறொயிலருக்கு அது நல்லது. சூடு எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி, பாணி பூசினால் பூசியபடி நிற்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு கோழி, மிஞ்சினால் ஆறு காடை. பதினொரு பேருக்கு இருபது காடையென்றால் நாலு சுற்று ஓட வேண்டும். முதற்சுற்றில் எடுத்தது நாலாம் சுற்று முடியுமுன் ஆறிப்போகும். பின்னேரத்தில் மின் அழுத்தம் இறங்கினால் காடையின் தோல் நிறம் பிடிக்கவே பிடிக்காது. சூடு குறைந்து நேரம் கூடினால் அந்தப் பறவை உள்ளே காய்ந்துவிடும்.

ஊரில் நத்தார் கேக்கை பேக்கரிப் போறணையில் கொடுத்து எடுக்கிற பழக்கம் உண்டு. அந்த நினைப்பில் ஒரு பேக்கரியில் எட்டுக் காடையைத் தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். பாணியும் பூசித்தான் கொடுத்தேன். பாண் வேகவைத்து முடிந்து சூடு இறங்கிய பிறகு வைப்போம் என்றார்கள். இறங்குமுன்னே வைத்துவிட்டார்கள். திரும்பி வந்த தட்டில் பறவையின் உருவம் தெரிந்தது, நிறம் தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. உள்ளே நெஞ்சுச் சதை மட்டும் தேறியது. விறகுப் போறணையின் சூடு 250 பாகைக்கு மேலேயும் போகும். பக்கத்தில் நாமே நின்று, பூசாத பறவையை வைத்து, இடையில் வெளியே எடுத்துப் பூச முடியுமென்றால் மட்டும் அங்கே போகலாம்.

மண்சட்டியில் வைத்து, மூடிமேல் தணலும் அடியில் தணலும் போடுகிற பழைய முறை ஆவியில் வெந்த இறைச்சியைத்தான் தருகிறது. மென்மை உண்டு, மொறுமொறுப்பு இல்லை. 2022இல் காஸ் இல்லாமல் தவித்தபோது இந்த முறையில்தான் கேக் சுட்டோம். கேக்குக்குச் சரி.

காடைக்குச் சிரட்டைக்கரிதான். விறகைப் போலப் புகையாது, சூடு நின்று பிடிக்கும், சிரட்டை இல்லாத வீடும் இல்லை. கரி முழுவதும் சாம்பல் பூத்த பிறகே பறவையை வைக்க வேண்டும். தணலை அடுப்பின் ஒரு பாதியில் குவித்து, மற்றப் பாதியை வெறுமையாக விடுவது என் முறை. தணல் பக்கத்தில் தோல் நிறம் பிடிக்கும்வரை வாட்டி, இரண்டாம் முறை பாணி பூசும்போது வெறும் பக்கத்துக்கு நகர்த்திவிடுவேன். பாணி கீழே சொட்டினாலும் தணலில் விழாது, சுவாலை எழும்பாது.

ஒன்றை நான் முதலில் எண்ணாமல் விட்டுவிட்டேன், சோளகக் காற்று. ஆடியில் வன்னியில் அது நாள் முழுக்க அடிக்கும். முதல் தடவை முற்றத்தில் அடுப்பை வைத்துப் பாணி பூசிய மறுநிமிடம், தணலின் சாம்பல் அள்ளுண்டு வந்து பாணியில் ஒட்டியது. பறவை நரைத்துப் போயிற்று. கழுவவும் முடியாது, துடைக்கவும் முடியாது. இப்போது தென்மேற்குப் பக்கத்தில் இரண்டு தகரத்தைத் தடியில் கட்டி நிறுத்துகிறேன். அடுப்பும் வீட்டின் வடகிழக்குச் சுவரோரம். பூசுகிற நேரத்தில் தணலைக் கிளறவே கூடாது.

ஆக என் தீர்மானம் இப்படி. இருபது காடை, சிரட்டைக்கரி, விளாம்பழப்பாணி. பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு இரண்டு. மின்சார அவனை மட்டும் நம்பி இருக்கிற வீடென்றால், நாலு வாரப் புறொயிலர் இரண்டும் அன்னாசிப் பாணியும் என்று மாற்றிச் சொல்வேன். காடையை அவனில் வைத்து வருந்த வேண்டாம். ஐந்து ஆறு பேர் மட்டுமென்றால் புறொயிலரே செலவுக்கும் சுகம், இருபது காடையின் விலை ஒரு குடும்பத்துக்குச் சின்னக் காசு இல்லை. எந்தப் பறவையானாலும் தொடையின் தடித்த இடத்தில் 74 பாகை வர வேண்டும். அக்கா முன்பு அனுப்பிய இறைச்சி வெப்பமானியை வைத்துத்தான் நான் பார்க்கிறேன். அது இல்லாதவர்கள் தொடையைக் குத்திப் பாருங்கள், வடிகிற நீர் செம்மை இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும்.

அன்றைக்குச் செய்யப்போகும் ஒழுங்கையும் எழுதிவைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு உப்புத்தண்ணீர். பன்னிரண்டுக்கு எடுத்து ஒற்றிக் காயவிடுதல். பன்னிரண்டரைக்குக் கரி மூட்டுதல். ஒன்று பத்துக்குத் தோற்பக்கம் தணலில், ஆறு நிமிடம். திருப்பிவிட்டு உட்பக்கம் நாலு நிமிடம், அந்த நேரத்திலேயே தோலில் முதற்பூச்சு. பிறகு வெறும் பக்கத்துக்கு நகர்த்தி இரண்டாம் பூச்சு. பூசுவதற்குத் தூரிகை தேவையில்லை. நாலைந்து ரம்பை இலையைச் சேர்த்துக் கட்டி நுனியைக் கிழித்தால் அதுவே தூரிகை, சூட்டில் அதன் வாசமும் கொஞ்சம் இறங்கும். அந்த ரம்பைக் கட்டைப் பெறாமகளின் கையில் கொடுக்கப் போகிறேன். மூன்றாம் பூச்சு மட்டும் அடுப்பை விட்டு இறக்கிய பிறகு, வாழையிலையில் அடுக்கி வைத்து. புட்டும் வெங்காயச் சம்பலும் மேசைக்கு வந்து, எல்லோரும் கை கழுவி உட்கார்ந்தாயிற்று என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தால்தான் அதைப் பூசச் சொல்வேன்.